வெற்றிலைத் தட்டி

"ஏலே வளன், இது என்னல ஓட்டை?"

ரோச் காலால் காட்டினார். கூடத்தின் நடுவே, தரையிலிருந்து உத்திரம் வரை மரத்தட்டி நின்றது. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். கட்டங்கள் எல்லாம் உள்ளங்கை அகலம். அடிவரிசையில் ஒன்று மட்டும் பெரிதாக வாய் பிளந்திருந்தது.

"அளவு தப்பிப்போச்சு அண்ணாச்சி" என்றான் வளன். உளியைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"தோணி கட்டுதவன்தானே நீ? தோணியிலயும் இப்படித்தான் ஓட்டை விடுவியால?"

"தோணிய முக்குனது ஓட்டை இல்ல, பேராசை!" தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கிளாட்வினின் குரல் வந்தது. "தாங்காத பாரத்த ஏத்தி அனுப்புனது யாரு?"

"குடிச்சிட்டுச் சுக்கான் பிடிச்சது யாருல?"

கொழும்புக்குப் போன தோணி மூழ்கியது சித்திரையில். அன்று முதல் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. கத்துவதோடு சரி. வீட்டை இரண்டாக்க முடிவு செய்தார்கள். சுவர் வைக்கச் செங்கல் இல்லை, சிமெண்டும் இல்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. யுத்தம் முடிகிறவரை இந்தத் தட்டி. இரண்டு பக்கமும் தொட்டியில் வெற்றிலைக் கொடி வைத்து ஏற்றிவிட்டால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் வளர அந்தக் கொடிக்கு நிழல் போதும். சட்டங்கள், கரை ஒதுங்கிய அதே தோணியின் பலகையில் அறுத்தவை.

"வளன், நல்லாக் கேட்டுக்க" என்றான் கிளாட்வின். "தட்டி நின்னாச்சு. இனி எம்பிள்ளை அந்தப் பக்கம் போகக் கூடாது. உள்ள ஓட்டையெல்லாம் அடை."

"இங்க யாரு அவம்பிள்ளையக் கூப்பிட்டா?" என்றார் ரோச். "இந்தப் பக்கம் வந்தா நானே தூக்கி வெளிய விட்டிருவேன்."

குழந்தை அற்புதமணிக்கு இன்னும் நடக்க வரவில்லை. தவழ்ந்து வந்து தட்டியைப் பிடித்து, ஒரு கட்டத்துக்குள் விரல்களை நுழைத்தாள். ரோச்சுக்குப் பிள்ளை இல்லை. பிறந்தது முதல் அவள் தூங்கியது ரோச்சின் மனைவி பிலோமினாவின் மடியில். கஞ்சி குடித்தது அவள் கையில். மற்றவர்கள் ஊட்டினால் துப்பிவிடுவாள். இப்போது தட்டியை ஆட்டி ஆட்டி அழுதாள்.

குசினியிலிருந்து அகப்பையோடு வந்த பிலோமினா குழந்தையைப் பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்தாள்.

"கண்ணு எங்க இருந்துச்சு ஒனக்கு? இது வழியா நம்ம சட்டிக்குள்ள என்ன வேகுதுன்னு அவ எட்டிப் பாக்கவா?"

"ஆமா, உங்க வீட்டுச் சூடைக் கருவாட்டுக்கு நாங்க ஏங்கிக் கிடக்கோம்!" என்று கிளாட்வினின் மனைவி பிளாரன்ஸ் அங்கிருந்து கத்தினாள். "எங்க குசினிப் பக்கம் நீங்க மூக்க நீட்டாம இருந்தாச் சரி."

"நாக்கப் பாத்தியளா! நேத்துவரைக்கும் அக்கா அக்கான்னு சுத்துன கழுத!"

"கழுதைக்கு அக்கா யாருன்னு ஊருக்குத் தெரியும்!"

குழந்தை இன்னும் உரக்க அழுதது. பிளாரன்ஸ் அதைப் பிய்த்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு சட்டத்த வச்சு அதை அடில" என்றார் ரோச்.

"பலகை தீந்துபோச்சு அண்ணாச்சி. நாளைக்கு வாரேன்."

"நாளைக்குமா?" பிலோமினா அகப்பையை ஓங்கினாள். "ஒரு குச்சிக்காக இவன் திரும்ப வந்து வீடெல்லாம் மரத்தூளாக் கொட்டணுமா? நான் தொட்டிய வச்சு அடைச்சுக்கிடுதேன். இவன் மொகத்துல இனி முழிக்க முடியாது."

வெற்றிலைத் தொட்டியை இழுத்துவந்து ஓட்டையின் வாயில் வைத்தாள். மண் சிதறியது.

"அவ ஒண்ணு வச்சா நானும் ஒண்ணு வைப்பேன்!" பிளாரன்ஸும் ஒரு தொட்டியை உருட்டிவந்தாள். "இங்கனயும் அடைச்சாத்தான் எனக்கு நிம்மதி."

ஓட்டை இரண்டு பக்கமும் மறைந்தது. ரோச் குனிந்து பார்த்தார். கோபம் கொஞ்சம் தணிந்தது.

"பொம்பளையளுக்கு இருக்க ரோசத்துல பாதி ஒனக்கு வேலையில இருந்தா அளவு தப்புமால?"

"அது சரிதான்" என்றான் கிளாட்வின், அந்தப் பக்கமிருந்து.

சித்திரைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு பேச்சில்தான். அது தெரிந்ததும் இருவருக்கும் மறுபடி கோபம் வந்தது. ரோச் செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். கிளாட்வின் பின்வாசல் கதவை அறைந்துவிட்டுத் திரேஸ்புரத்துக்குப் போனான்.

வளன் உளிகளைச் சாக்கில் சுருட்டினான். போய்வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

தெருவில் இறங்கும்போது உள்ளே ஒரு தொட்டி தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது. நின்றான். சற்றுப் பொறுத்து இன்னொரு தொட்டியும் நகர்ந்தது.

வளன் மடியிலிருந்து இரண்டு கயிறுகளை எடுத்தான். ஒன்று நேற்றுக் காலையில் குசினி வாசலில் பிலோமினா கொடுத்தது. மற்றது நேற்று மாலையில் கிணற்றடியில் பிளாரன்ஸ் கொடுத்தது. அடிவரிசையில் ஒரு கட்டம் மட்டும் இந்த அகலம் இருக்கட்டும், மற்றவளுக்குத் தெரியவே கூடாது என்று இருவரும் தனித்தனியே அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். ஒரே நீளம். அற்புதமணியின் தோள் அகலம்.