சுங்கானின் கீறல்

துரைசிங்கம் சேர்த்துவைத்த புகைபிடிக்கும் மரச் சுங்கான்களில் ரேகைச் சுங்கான்தான் அழகு. உடம்பெல்லாம் தீக்கொழுந்து போல மரத்தின் ரேகை. யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுவார். ஒருமுறை அவர் கைதவறிப் போட்டதில் அதன் விலாவில் ஒரு கீறல் விழுந்தது. அதிலிருந்து அது அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி மறைத்துக்கொண்டது.

பிறகு அவருக்குப் பார்வை போய்விட்டது. ரேகை விரலுக்குத் தெரியவில்லை. அவர் கை தினமும் அதைத் தடவிவிட்டுத் தாண்டிப் போனது.

"என்னையும் எடுத்துப் பார்த்து, இது இல்லையே என்று வைத்துவிடுகிறார்," என்றது பக்கத்திலிருந்த குண்டுச் சுங்கான். "உன்னைத்தான் தேடுகிறார். வழவழவென்று நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பார்?"

மறுநாள் அவர் கை வந்தபோது, ரேகைச் சுங்கான் மெல்லத் திரும்பி விலாவைக் கொடுத்தது.

விரல் கீறலில் நின்றது.

"இங்கதான் இருக்கியா," என்றார் அவர்.