வானொலித் தம்பி

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கொழும்புக்குப் போக வர ஒரு ரிக்கற். சரியோ அம்மா?"

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் தொலைபேசியின் மறுமுனையில் பிலோமினா அம்மா.

ரொறன்ரோவின் இந்தப் பயண முகவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை. குரலை வைத்தே சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

"நீங்கள் இன்ரநெற் ரேடியோவிலை கதைச்ச தம்பியெல்லே?"

"இல்லை அம்மா."

"அப்ப நான் நோர்வேயிலை. வெளியிலை பனி. வீட்டுக்கை அந்தத் தம்பியின்ரை குரல் மட்டும்தான்."

அவனும் நண்பன் சபேசனும் ஒரு நிலக்கீழ் அறையில் தொடங்கிய வானொலி அது. இணையத்தில் தமிழ் வானொலியா என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு சூரிச்சிலிருந்தும் சிட்னியிலிருந்தும் மின்னஞ்சல்கள் வந்தன. அவன் தன் பெயரைச் சொன்னதே இல்லை. நேயர்கள் தம்பி என்றார்கள்.

முதலீட்டாளர்கள் வந்தார்கள். கண்ணாடிக் கட்டடம் வந்தது. பேட்டி எடுக்க வந்தவர்களை அவன் வரவேற்பறையில் காக்க வைத்தான்.

பிறகு இணைய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வானொலியை மூடிவிடச் சொன்னார்கள் முதலீட்டாளர்கள். மாலைவரை ஒலிவாங்கி அவனிடம் இருந்தது.

"சனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போவமடா" என்றான் சபேசன்.

தோற்றுவிட்டோம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிறந்தநாள் வாழ்த்துகளை வாசித்தான். சிரித்தான். திங்கட்கிழமை சந்திப்போம் என்றான்.

"திங்கட்கிழமை ஒரு சத்தமும் இல்லை. கொம்பியூட்டர் பழுதாக்கும் எண்டு மகனை ஏசினன்" என்றார் பிலோமினா அம்மா. "பிறகுதான் யோசிச்சன். சொல்லாமல் கொள்ளாமல் போற பிள்ளை இல்லை அது. செத்துத்தான் போயிருப்பார், என்ன?"

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் சொல்லாமல் போனார் என்று அம்மா கேட்பார்.

"ஓம் அம்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நினைச்சனான். ஒவ்வொரு நவம்பரும், சேர்ச்சிலை செத்த ஆக்களுக்கான பூசையிலை அவருக்கும் சேர்த்துக் காசு குடுக்கிறனான். பேர் தெரியாது. 'வானொலித் தம்பி' எண்டுதான் பங்குச் சுவாமி வாசிக்கிறவர். அவரின்ரை சரியான பேர் உங்களுக்குத் தெரியுமே?"

மறுமுனையில் கடதாசி சரசரத்தது.

"பேனை எடுத்திட்டன். ஆறுதலாச் சொல்லுங்கோ, தம்பி."

அவன் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"விக்னராசா" என்றான்.

சற்றுப் பொறுத்து, தன் தகப்பன் பெயரையும் சொன்னான்.