கம்பி நீட்டியவன்

இந்த மண்ணுக்காகத் தம் கடைசிச் சொட்டு ரத்தத்தையும் சிந்தத் தயார் என்று வீட்டோடு மாப்பிள்ளை நேற்று மாலைதான் சத்தியம் செய்திருந்தார். எந்த மண் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. மாமனார் வீட்டு மண்ணாக இல்லாதிருந்தால் போதும்.

அவர் நேற்றுச் சேர்ந்த அந்நிய நாட்டுப் படையில், புதிதாக வருகிறவன் பழைய பேரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அந்த நாட்டுப் பேர் ஒன்றைச் சூட்டுவார்கள். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால் குடியுரிமை. அப்புறம் மனைவியை வரவழைத்துத் தனிக்குடித்தனம்.

காலையில் மைதானத்தில் சார்ஜென்ட் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒரு பேருக்கு மட்டும் பதில் இல்லை. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்.

"முதல் நாளே ஒருத்தன் கம்பி நீட்டிட்டான்! தேடுங்கடா!"

கழிப்பறை, கட்டிலடி, சமையற்கட்டு எல்லாம் அலசினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் மாப்பிள்ளைதான்.

"கோழைப் பய! ஆள் கிடைச்சா விசாரிக்கவே கூடாது சார். அடுத்த ஃப்ளைட்டிலேயே வீட்டுக்கு அனுப்பிடணும்."

"பாவம்ணே, அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார் கூட ஓடிய இன்னொரு புது ஆள், ஊரில் கொத்தனாராக இருந்தவர்.

"சும்மா இருப்பா. இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பேரும் கெடுது."

"நீ சொன்னபடியே அனுப்பிடறேன்" என்ற சார்ஜென்ட், எல்லோரையும் நிறுத்தித் தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஒரு தலைகூடக் குறையவில்லை.

வரிசையில் ஒவ்வொருவராகப் பேர் கேட்டுக்கொண்டே வந்து, மாப்பிள்ளை முன்னால் நின்றார்.

"உன் பேரு?"

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார்.

நேற்றுச் சூட்டிய பேர் அவருக்கு மறந்துபோயிருந்தது.