இப்ப தெரியுதா?

"சத்தம் நல்லா வருது. படத்துல நடுவுல மட்டும் கறுப்பு" என்று காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார் பெரியவர்.

கேபிள்காரன் வந்ததும் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து, செட்டாப் பாக்ஸ் வயரைப் பிடுங்கிச் செருகினான்.

"இப்ப தெரியுதா சார்?"

"அப்படியேதான் இருக்கு."

புது வயரை மாட்டினான். "இப்ப?"

"அதே கறுப்புதான். என்னய்யா வேலை பாக்கறே?"

பாக்ஸையே மாற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி முன்னால் வந்தான்.

திரையில் செய்தி வாசிக்கும் பெண் பளிச்சென்று தெரிந்தாள்.

"இன்னும் கறுப்புதான்யா."

அவன் திரையை விட்டுத் திரும்பினான். பெரியவருக்கு நேரெதிரே குனிந்தான்.

"சார், என் மூஞ்சி தெரியுதா?"

அவர் உற்றுப் பார்த்தார்.

"காது ரெண்டும் தெரியுது..."

அவர் குரல் இறங்கியது.

"டிவிதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லேன்பா."