தேத்தே வைத்த பெயர்

தேத்தே குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கால் விரல்களைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். சந்தையில் ஆடு பிடிப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பிள்ளையைப் பெற்ற மெமரி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கிவ்மோருக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் கட்டட வேலை. எப்போதாவது லீவில் வருவான். பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது என்று கிளினிக் நர்ஸ் சொன்னதை மாமியார் நம்பவில்லை. மகன் வந்துபோன மாதத்திலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைக்கு டவுட் என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவள் தீர்ப்பு.

அவர்கள் ஊரான மஸ்விங்கோ பக்கம் மனதில் கிடப்பதைத்தான் பெயராக வைப்பார்கள், அதையும் இங்கிலீஷில். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் நோமேட்டர். டவுட் என்று வைத்துவிட்டால் பிள்ளையை யார் கூப்பிட்டாலும் மெமரியின் மானம் போகும். அப்பன் யார் என்ற கேள்வியைப் பிள்ளை சாகிறவரை சுமக்க வேண்டும்.

லீவில் வந்திருந்த கிவ்மோர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெயர் வைக்கும் உரிமை அவன் அக்காவுக்கு. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் அத்தை என்பதால் வீடே அவளைத் தேத்தே என்றது. பெற்ற தாய்கூட பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"நிறத்தைப் பாரு. நம்ம வம்சத்துல எவன் இப்படி இருக்கான்?" என்றாள் மாமியார்.

மெமரி முழங்காலிட்டு நகர்ந்து வந்தாள்.

"என்னை அடிங்க, தேத்தே. அம்மா வீட்டுக்கே அனுப்பிடுங்க. இவனுக்கு அந்தப் பேரு மட்டும் வேணாம்."

"பேருக்கு ஏன்டி இப்படி நடுங்குற? அது என்ன கடிக்கவா போகுது?" மாமியார் சிரித்தாள்.

தேத்தே குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றினாள். வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வெல்கம்," என்றாள். "இவன் பேரு வெல்கம்."

மாமியார் எகிறினாள். பேசி வைத்தது என்ன, இப்போது சொல்வது என்ன, பெத்தவ பேச்சுக்கு மரியாதை இல்லையா என்று கத்தினாள்.

தேத்தே குழந்தையை மெமரியின் மடியில் வைத்தாள். பிறகு தன் தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"டவுட்டுன்னு பேரு வச்சுக்கிட்டு இந்த வீட்டுல நான் ஒருத்தி திரியிறது போதாதாம்மா?"