மாமி போகச் சொன்னார்

நிப்றாஸைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ கூடிய ஒருவர், திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து சீனக் கடல் வரைக்கும் இன்னும் பிறக்கவில்லை.

மடிக்கணினித் திரையில் தெரிந்த ஐந்து சீன மாணவர்களுக்கு இதை அவனே ஆங்கிலத்தில் அறிவித்தான். துறைமுகத்தில் கப்பல் ஊதியதால் இரண்டாம் தரமும் அறிவிக்க வேண்டியிருந்தது.

அன்றைய பாடம் அதுதான்: வற்புறுத்துவதற்கும் தடுப்பதற்கும் விடுவதற்கும் ஆங்கிலத்தில் எந்தெந்த வினைச்சொல். அவர்களுடைய மொழியில் ஒருவரைச் செய்ய வைப்பதற்கும் செய்ய விடுவதற்கும் ஒரே சொல் போதுமாம். மாதக் கணக்காகக் குழம்பிக்கொண்டிருந்தார்கள்.

உதாரணத்துக்குக் கூட்டாளி ஹஸ்மியை எடுத்தான். போன கிழமை உதைபந்தாட்ட அரையிறுதிக்கு ஹஸ்மி வரவில்லை. மாமியார் வீட்டில் விருந்தாம். கல்யாணம் முடித்து மாமியார் வீட்டோடு போய்விட்டவனுக்குக் கால் இரண்டும் அலங்காரத்துக்குத்தான் என்று விளக்கினான். மாணவர்கள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.

தானும் இரண்டு மாதமாக மாமியார் வீட்டில்தான் என்பதை அவன் சொல்லவில்லை. பாடத்துக்கு அது தேவைப்படவில்லை.

இன்று பின்னேரம் மூதூரில் இறுதி ஆட்டம். கோல் காப்பது நிப்றாஸ். அவனை விட்டால் அணியில் அதற்கு வேறு ஆளில்லை. இரண்டு மணிக்கு ஹஸ்மி பைக்கில் வந்து ஏற்றுவான்.

கதவு மெல்லத் திறந்தது. மாமி. கையில் அயர்ன் பண்ணின வெள்ளைச் சேர்ட்.

"கிண்ணியாவால சாச்சி குடும்பத்து ஆக்கள் பின்னேரம் புது மாப்பிள்ளையப் பார்க்க வாறாங்க, மருமகன். உங்களுக்கு மெச்தானே, நீங்க போயிட்டு வாங்க. நான் என்னத்தையாவது சொல்லிச் சமாளிக்கிறன்."

சேர்ட்டைக் கதிரையில் விரித்துப் போட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மைக் திறந்தே இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று ஷாவ் மின் என்ற பெண் கேட்டாள்.

விளையாடப் போகச் சொன்னார் என்றான் நிப்றாஸ். பொய்யில்லை.

அப்படியென்றால் அவர் உங்களைப் போக விட்டிருக்கிறார் சேர் என்றாள் அவள், முதல் தடவையாகப் பிழையில்லாத ஆங்கிலத்தில். மற்ற நாலு பேரும் கைதட்டினார்கள்.

சரியான விடை என்றான்.

இரண்டு மணிக்கு ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தது. பிறகு நீளமாக ஒருதரம். பிறகு பைக் போகிற சத்தம்.

நிப்றாஸ் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சேர்ட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டான்.