மணல்வெளிக்கு ஒரு ஸ்வெட்டர்

"பாலைவனத்துக்கு யாராவது ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போவாங்களா?" என்று அவள் சிரித்தாள்.

கல்யாணமான கையோடு வெளிநாட்டுக்கு அழைத்து வந்த கணவர், ஹோட்டல் அறையில் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர், கையுறை, கனத்த சால்வை எல்லாம் உள்ளே போயின.

"காலையிலதான் மணல். மத்தியானம் மலைக்குப் போறோம்."

"வெயில் மண்டையைப் பிளக்குது. எதுக்குங்க வீண் சுமை?"

அவர் முகம் வெளிறியது. "பையை நான் தூக்கறேன். நீ பேசாம வா."

இரண்டாந்தாரமாக வந்தவளை இப்படித் தாங்குகிறாரே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

மலை உச்சியில் அவர் டீ வாங்கப் போனார். வாடகைக் காரின் தமிழ் பேசும் டிரைவர் தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினார்.

"சாருக்கு என்னை அடையாளம் தெரியலை போல. முதல் சம்சாரத்தோட வந்தப்பவும் நான்தான் ஓட்டினேன். அந்தம்மா ஸ்வெட்டரோடதான் வண்டியில ஏறினாங்க. வீண் சுமைன்னு சார்தான் இறக்கி வைக்கச் சொன்னார். திரும்பறப்ப வண்டி பனியில சிக்கிக்கிச்சு. ஆள் வர்றதுக்குள்ள அந்தம்மா விறைச்சுப் போயிட்டாங்க."

மூத்தவள் காய்ச்சலில் போனதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவர் வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. நடுங்கும் விரல்களால் அவளுக்கு ஸ்வெட்டரை மாட்டி, கழுத்து வரை பொத்தான் போட்டார்.

"இந்தத் தடவை உனக்குக் குளிராது" என்றார்.

அவளுக்கு உடனே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவற்றைப் பிடித்துக்கொண்டு, "குளிரவே இல்லைங்க" என்றாள், அந்த மூத்தவளுக்குப் பதிலாக.